காத்து அண்ணாச்சியின் மிளகாய்ச் சோதனை

வாயில் ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டே ஊரை அதட்டி உட்காரவைக்கத் தெரிந்த மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான்: தொண்ணூறுகளில் பேட்டையில் கார் ஏசி பழுதுபார்த்த 'காத்து' அண்ணாச்சி. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

என்னுடைய பழைய வெளிநாட்டுக் காரில் எந்நேரமும் வெளித்தூசி உள்ளே வந்தது. என் மகளுக்கு வீசிங். அரிசி மில் பக்கம் போனாலே அவளுக்கு மூச்சு இளைக்கும். இரண்டு மெக்கானிக்குகள் ஏசியையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

"எதுக்கு வே மாத்தணும்?" என்று காத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். "வெளிக்காத்த அடைக்க ஒரு தட்டு உண்டும். அத இழுக்குத ஆக்சுவேட்டரு போயிருக்கும்."

எஞ்சின் ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சினால், அந்த ஆக்சுவேட்டர் தட்டை இழுக்க வேண்டும். எஞ்சினுக்குப் பதிலாக அண்ணாச்சி தன் வாயால் உறிஞ்சுவார். பிறகு குழாயை நாக்கால் அடைத்துக்கொண்டு, இழுத்த பிடி விடாமல் நிற்கிறதா என்று விரல்விட்டு அறுபது எண்ணுவார். அதுவரை பேச்சு கிடையாது. ஒருநாள் ஒரு பெரிய அதிகாரி, "என் வண்டி முடிஞ்சுதா?" என்று மூன்று முறை கேட்டார். காத்து ஒற்றை விரலால் பெஞ்சைக் காட்டினார். அதிகாரி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும், "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

என் காரில் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டவில்லை.

"உள்ள ரப்பரு கிழிஞ்சிட்டு. பிடிக்கவே மாட்டேங்கு."

தகரப் பெட்டியைக் கவிழ்த்து, வேறொரு வண்டியில் கழற்றிய ஆக்சுவேட்டரை எடுத்தார். உறிஞ்சிப் பார்த்தார். அறுபது வரை அசையவில்லை. அதையே மாட்டினார்.

"இனி மொளகாச் சோதன," என்றார். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் இடத்தில் வற்றல் மிளகாயைக் கருக்க வேண்டும். நான் காருக்குள் ஏறப் போனேன்.

"நீரு வெளிய நின்னு கொளுத்தும். உள்ள நான் இருக்கேன்."

கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மிளகாயைக் கொளுத்தினேன். பட்டறையே தும்மியது, பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். உள்ளே காத்து சாவகாசமாகத் தலைவாரிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் கழித்து, புகை அடங்கியதும் இறங்கினார்.

"பிள்ளைய தைரியமா ஏத்தும்."

"எப்படி அண்ணாச்சி அவ்வளவு உறுதியாச் சொல்லுதீங்க?"

சட்டைப் பையில் இருந்த இன்ஹேலரைத் தட்டிக் காட்டினார்.

"எனக்கும் அதே இளைப்புதான் வே. எனக்கு ஒண்ணும் செய்யலைன்னா, அவளுக்கும் செய்யாது."

புகை அடங்கி வெகுநேரம் ஆகியும் என் கண்ணில் நீர் நிற்கவில்லை.