நாலு கொம்புக் கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. எல்லாக் காட்டிலும் இருக்கும். இதனிடம் கம்ப்யூட்டர் இருந்தது. அதனால்தான் கதை.

கரடியின் பெயர் சடையன். சாப்பாடு கரையான். முன்பெல்லாம் கண்ட புற்றைக் கிண்டித் தின்னலாம். இப்போது முடியாது. புற்றுகளை வருஷத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் ஒதுக்குகிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் திறப்பார்கள். முந்துகிறவனுக்குப் புற்று. போன வருஷம் எறும்புத்தின்னி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டது. சடையன் வருஷம் முழுக்க இலந்தைப்பழம் தின்றது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

நெட் வருவது மேட்டு வேங்கை மரத்திலிருந்து. குகையோ பாறை. கேபிள் இழுத்தால் எலி கடிக்கிறது. இந்தத் தடவை வயர்லெஸ் கார்டு வாங்கிவிடுவது என்று சடையன் கீரியின் கடைக்குப் போனது.

"எந்த கம்ப்யூட்டருக்குண்ணே? மடியில வைக்கிறதா, மேஜையில வைக்கிறதா?"

"என் மடியில வயிறு இருக்கு."

"அப்ப மேஜை. வெளியே சொருகுற குட்டி ஐட்டம் ஒண்ணு இருக்கு. குரங்கு பிடுங்கிட்டுப் போயிடும். டப்பாவைத் திறந்து உள்ளே போர்டுல மாட்டுற கார்டு எடுத்துக்குங்க. எத்தனை கொம்பு போடட்டும்?"

"கொம்பா?"

"ஆண்டெனாண்ணே. நம்ம பக்கம் கொம்புன்னுதான் சொல்றது. ரெண்டு கொம்பு இருக்கு, நாலு கொம்பு இருக்கு. உங்களுது பாறை வேற. நாலாவே போட்டுடுங்க."

பரம்பரையில் யாருக்கும் கொம்பு இருந்ததில்லை. நாலு என்றதும் சடையனுக்கு வாயில் எச்சில் ஊறியது. வாங்கிக்கொண்டது. கீரி நீள வயர் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தது.

"சிக்னல் மக்கர் பண்ணினா கொம்பைக் கழட்டி இந்த வயர்ல மாட்டி வாசல்ல வைங்க."

டிரைவரையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தது. டவுன்லோடு பண்ணிக்கச் சொல்லவில்லை. டவுன்லோடு பண்ண நெட் இருந்தால் கரடி ஏன் கடைக்கு வருகிறது? விவரமான கீரி.

சடையன் நகத்தாலேயே திருகைக் கழற்றியது. கார்டை மாட்டியது. பின்பக்கம் நாலு கொம்பும் நீட்டிக்கொண்டு நின்றன. சிக்னல் வந்தது. குகைக்குள் ஒரு ஆட்டம் போட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியே வந்து மைனாவிடம், "எனக்கு நாலு கொம்பு!" என்றது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொம்புள்ளோர் சங்கம் வந்து நின்றது. தலைவர் காட்டெருமை. பின்னால் மான்கள், கிடாக்கள். கடைசியில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு கடமான். அதற்குக் கொம்பு விழுகிற பருவம். இரண்டும் விழுந்து மொட்டைத் தலை. மறுபடி முளைக்கிறவரை சங்கத்தில் அதை ஒருவரும் மதிப்பதில்லை.

"உனக்கென்ன பெரிய கொம்பா முளைச்சிருக்கு?" என்றது காட்டெருமை.

"முளைக்கலைய்யா. வாங்கினது."

"எங்கப்பனுக்கு ரெண்டு. எனக்கு ரெண்டு. உனக்கு நாலா?"

"கம்ப்யூட்டருக்குய்யா."

"கம்ப்யூட்டர் யாரோடது?"

"என்னுது."

"அப்ப கொம்பும் உன்னுது. கழட்டு!"

இத்தனை கொம்புக்கு நடுவில் என்ன பேசுவது? சடையன் கழற்றிப் போட்டது. சிக்னல் செத்தது. சங்கம் கலைந்து போனது. ஒதுக்கீடு திறக்கிற நேரம். சடையன் கண்ணுக்குள் இலந்தை மரம் வந்து நின்றது.

கடமான் மட்டும் போகவில்லை. தரையில் கிடந்த நாலு கொம்பையும் பார்த்துக்கொண்டே நின்றது.

சடையன் அதைப் பார்த்தது. கொம்பைப் பார்த்தது. கீரி கொடுத்த வயரைப் பார்த்தது.

"அண்ணே, போட்டுப் பாக்குறீங்களா?"

"எனக்கா? சேச்சே!" என்றது கடமான். துண்டை அவிழ்த்துவிட்டது.

சடையன் கொம்புகளை வயரில் மாட்டி, கடமான் தலையில் வைத்து இறுக்கிக் கட்டியது. கடமான் வாசலில். வயரின் மறுமுனை உள்ளே. சிக்னல் முழுசாக ஏறியது. முதல் புற்று கிடைத்தது. இரண்டாவது புற்று வட்டமடித்துக்கொண்டே நின்றது. எட்டிப் பார்த்தால் கடமான் தலையைத் திருப்பிக் குட்டைத் தண்ணீரில் தன் அழகைப் பார்க்கிறது.

"அண்ணே! மேட்டைப் பாத்து நிமிந்து நில்லுங்க. அப்பத்தான் ராஜகளை!"

"இப்படியா?"

"ஆஹா! அசையாதீங்க. கண்ணு பட்டுடும்."

கடமான் மூச்சுக்கூட விடவில்லை. புற்று மொத்தமும் சடையன் பேருக்கு வந்தது. இந்த வருஷம் இலந்தைப்பழம் எறும்புத்தின்னிக்கு.

சாயங்காலம் காட்டெருமை அந்த வழியாக வந்தது. வாசலில் நின்ற உருவத்தைப் பார்த்துத் திகைத்தது. கொம்புள்ள இனம்தான். எண்ணிப் பார்த்தது. நாலு. மறுபடி எண்ணியது. நாலேதான். முன்னங்காலை மடித்து, "தலைவரே!" என்றது.

அன்றிலிருந்து சங்கம் கரடிக் குகை வாசலில் கூடுகிறது. தலைவர் நகர முடியாது. வயர் நீளம் அவ்வளவுதான்.

மழைக்குப் பிறகு கடமானுக்குச் சொந்தக் கொம்பு முளைத்தது. யாரும் பார்ப்பதற்கு முன்பே அதைப் பாறையில் தேய்த்து ஒடித்துவிட்டது. ரெண்டுதானே.

நீதி: எவனுக்கு வேண்டுமானாலும் கொம்பு முளைக்கட்டும். வயர் உன் குகைக்குள் இருக்கட்டும்.