பத்தொன்பது நீலப் பூக்கள்

மரகதம் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு கடிதம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. ஜீவனஹள்ளி முதியோர் இல்லத்தின் எட்டாம் நம்பர் அறையில் அது கடிதம் வாசிக்கும் நேரம். நோரா ஆன்ட்டிக்குக் கண்ணில் நிறம் தெரியும், எழுத்து தெரியாது. மஸ்கட்டிலிருந்து மகன் டிரேவர் எழுதிய பத்தொன்பது கடிதங்களையும் வாரத்துக்கு ஒன்றாக ஆயா மரகதம்தான் வாசித்துக் காட்டுவாள். கடைசிக் கடிதம் வந்தே மூன்று வருஷம் ஆகிவிட்டதால், பத்தொன்பது முடிந்ததும் மறுபடி ஒன்று. எந்தக் கடிதத்தில் பல்வலி, எதில் புது ஃபிரிட்ஜ் என்று அவளுக்கு மனப்பாடம். சொந்தப் புருஷனுக்கு எந்தப் பல்லில் வலி என்று கேட்டால் தெரியாது.

கடிதங்கள் எங்கே போயிருக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. உடனே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை தோறும் டீனா மேடம் வந்து காகிதத்தில் பூ மடிக்கச் சொல்லிக்கொடுப்பாள். வயசானவர்களின் விரலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்த வகுப்பு. ரோஜா, லில்லி, தாமரை என்று போய்க்கொண்டிருந்தது. நேற்றுக் காலை டீனா போன் செய்து, நீலத் தாள் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, எங்கேயாவது தேடிவையுங்கள் என்றாள். மரகதம் எல்லா அறை அலமாரிகளையும் ஒழித்து, பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று கைக்கு வந்த தாளையெல்லாம் பார்க்காமல் அள்ளிப்போய் வகுப்புப் பெட்டியில் கொட்டினாள். அந்தப் 'பார்க்காமல்'தான் இப்போது குத்தியது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நோரா டப்பா சத்தம் கேட்டுத் திரும்பினாள். “மரகதம், அந்த லெட்டருங்கள...”

“இதோ படிக்கிறேன் ஆன்ட்டி” என்று மரகதம் அவளை முடிக்கவிடவில்லை. இடுப்பில் செருகியிருந்த மருந்துச் சீட்டை விரித்து, அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்துவிட்டாள்.

“அது எப்படி? அதுங்கதான் இப்ப இல்லியே” என்றாள் நோரா.

டப்பா காலி என்று கிழவிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மரகதம் சீட்டைக் கீழே இறக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“இது பழசு இல்ல ஆன்ட்டி. புதுசு. நேத்துதான் வந்துச்சி.”

நோரா யார் கையையும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில் மௌரீன்கூட ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தாள். இரண்டு பேர் காத்திருக்கும்போது வெறுங்கையாக விட முடியுமா? பல்வலியும் ஃபிரிட்ஜும் பழைய கதை. எனவே மரகதம் டிரேவருக்கு அங்கேயே அப்போதே சூப்பர்வைசர் வேலை போட்டுக்கொடுத்தாள்.

வாசித்து முடித்ததும் கடிதத்தைக் கொடு என்று நோரா கையை நீட்டினாள். மருந்துச் சீட்டு வெள்ளை. மகன் நீலத் தாளில்தான் எழுதுவான். கையெல்லாம் எண்ணெய், கழுவிவிட்டுத் தருகிறேன் என்று மரகதம் வெளியே ஓடினாள்.

ஓடியவள் நேராக வகுப்புப் பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் நீலத் துண்டுகள் கிடந்தன. தாளைச் சதுரமாக வெட்டியபோது விழுந்த ஓரங்கள். ஒன்றில் 'அம்மா' என்று இருந்தது. பூக்களைக் காணோம். அன்று காலைதான் அவை சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் போய், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் ஏலம் போயிருந்தன. எடுத்தவர் மர்பி டவுன் கிளாரன்ஸ்.

மறுநாள் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுக்கொண்டு மரகதம் மர்பி டவுனுக்குப் போனாள். பூங்கொத்து கிளாரன்ஸ் வீட்டு டி.வி.யின் மேல் இருந்தது. பூவைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டு கிளாரன்ஸ் தன் மனைவியைக் கூப்பிட்டார். இதைச் சமாளிக்கப் பெண்பிள்ளைதான் சரி என்று நினைத்திருப்பார். மனைவி இரக்கப்பட்டுக் கொத்தையே எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒன்று சொன்னாள்.

“காகிதப் பூன்னாலும் ஒரு வாசனை வேணாமா? நேத்துதான் சென்ட் அடிச்சு வச்சேன்.”

பிரித்த பூ எல்லாவற்றிலும் மை ஊறி மேகம் மேகமாகப் படர்ந்திருந்தது. மஸ்கட் விலாசம் எந்தப் பூவிலும் இல்லை. அது வெட்டிப்போட்ட ஓரங்களில் இருந்திருக்க வேண்டும். வகுப்புப் பெட்டியைத் துழாவிப் பார்க்கலாம் என்று இல்லத்துக்குத் திரும்பினால், மரகதம் கவிழ்த்துப் போட்ட குப்பையை யாரோ ஒழுங்காகக் கூட்டி வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தார்கள்.

அல்சூரில் நீலத் தாள் வாங்கினாள். தான் வாசித்ததையே அதில் எழுதினாள். நோராவுக்கு எழுத்து தெரியாதுதான், ஆனாலும் டிரேவர் மாதிரி சாய்த்து எழுதினாள். நோரா அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அந்த வாரம் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். சரி, போகட்டும், நல்லதுதானே நடந்தது என்று மரகதம் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நோரா பதில் எழுதச் சொன்னாள். சொல்லச் சொல்ல மரகதம் எழுதினாள். வேலை உயர்ந்ததற்கு ஸ்தோத்திரம், உடம்பைப் பார்த்துக்கொள், அப்புறம் கடைசியில் ஒரே வரி: இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. விலாசம் இல்லாத அந்தக் கடிதம் மரகதத்தின் டிபன் பையிலேயே தங்கிவிட்டது.

பதிலுக்குப் பதில் வந்தாக வேண்டுமே. நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு, லீவு கிடைப்பது கஷ்டம் அம்மா என்று எழுதி எடுத்துப் போனாள். அந்த வரியை வாசித்தபோது நோராவின் முகம் விழுந்தது. மரகதம் அதைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டாள். அடுத்த வரி தாளில் இல்லை, அவள் வாயில்தான் இருந்தது.

“ஆனா எப்படியாவது கேட்டு வாங்கிட்டு, கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலைல வந்து நிப்பேன்னு எழுதியிருக்கான் ஆன்ட்டி.”

அதற்குப் பிறகு எட்டாம் நம்பர் அறையே மாறிவிட்டது. நோரா சனிக்கிழமை மட்டுமல்ல, தினமும் பூ மடித்தாள். நீல லில்லிதான் வேண்டுமாம், டிரேவருக்குச் சின்ன வயசிலிருந்து நீலம் பிடிக்குமாம். அவள் விரலைப் பார்த்து டீனா மேடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். டாக்டர்கூட இந்த வகுப்பு நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டினார். மரகதத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை. வர முடியவில்லை அம்மா, மன்னியுங்கள் என்று இன்னொரு கடிதம் எழுதி, மூன்று ஞாயிறு இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். மூன்று ஞாயிறும் அதை எடுக்கக் கை வரவில்லை. ஒரு டப்பா காகிதத்தைத் தொலைத்ததை ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லாமல், ஒரு தாயை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. எட்டு மணிக்கே நோரா பவுடர் பூசி, புதுச் சேலை கட்டி, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மடி நிறைய நீலப் பூக்கள். ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாட்ச்மேனிடம் “பந்த்ரா?” என்று கன்னடத்தில் கேட்பாள். அவர் “இன்னும் இல்லம்மா” என்று தமிழில் சொல்வார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு, அவன் வந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறேன் என்றாள்.

மணி நாலு. மரகதத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வராந்தாவில் கேக் தின்றுகொண்டிருந்த மௌரீனின் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடிதம் எதுவும் வரவில்லை, எல்லாம் நானே எழுதியது, அலமாரியை ஒழித்தபோது பார்க்காமல் பழைய கடிதங்களை வகுப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன், அதை மறைக்கப் போய் இங்கே வந்து நிற்கிறது என்று அழுதாள்.

“நான்தான் பாவி ஆன்ட்டி. அந்த டப்பாவை நான் தொட்டிருக்கவே கூடாது.”

மௌரீன் கேக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டைப் பார்த்தாள். அங்கே நோரா கழுத்தை நீட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டப்பாவை நீ எங்கடி தொட்டே? அன்னிக்கு நீலம் இல்லன்னதும் நோராதான் எடுத்துனு வந்தா, இனிமே அவன் வரமாட்டான் மௌரீன், பூவாவது ஆகட்டும்னு பத்தொன்பதையும் அவளே மடிச்சுட்டு நிம்மதியாப் படுத்தா, மறுநாள்தான் நீ வந்து புதுசா லெட்டர் வந்திருக்குன்னு சொன்னே.”