பால் குடித்த கன்றுக்குத் தங்க முத்திரை

ஒரு காட்டில் ஒரு புலியார் பொறுப்பு ராஜாவாக இருந்தார். முறைப்படி சிங்கம்தான் ராஜா. ஆனால் நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் ஏது? அதனால் பன்னிரண்டு வருஷமாக இவரே பொறுப்பில் ஓட்டிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது. துரத்தினால் மான் நின்று திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்க மகாராஜா, விழுந்து தொலைக்கப் போறீங்க" என்று சொல்லும் நிலைமை.

அதே காட்டில் பிரகதீசன் என்றொரு கருமந்தி. மலைப்பாதையில் நின்ற பள்ளிக்கூட வேனுக்குள் கைவிட்டு, தின்பண்டம் என்று நினைத்து, சுருட்டி வைத்திருந்த ஒரு படத்தாளையும் ஒரு கட்டு வெள்ளைத்தாளையும் பிடுங்கி வந்தது. விரித்துப் பார்த்தால் சோறு, பருப்பு, முட்டை, மீன், பால், எண்ணெய் எல்லாம் படமாக இருந்தன. 'உடலுக்கு வேண்டிய பெருமூலக்கூறுகளும் அவை கிடைக்கும் உணவுகளும்' என்று மேலே கொட்டை எழுத்து. தின்ன முடியாததை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? பிரகதீசன் ஊட்டச்சத்து அதிகாரி ஆகிவிட்டார். அதிகாரியான பிறகு 'அது' என்று சொல்லக்கூடாது, அவர்.

"மகாராஜா, உங்க தசையெல்லாம் கரையுது. புரதம் பத்தல. கண்டதையும் தின்னாதீங்க, புரதம் உள்ளதா பாத்துத் தின்னுங்க."

"எதுக்குள்ள இருக்குன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?"

"அதை எங்கிட்ட விடுங்க."

மறுவாரமே திட்டம் வந்துவிட்டது. காட்டில் எல்லோரும் சத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். புரதம் உள்ளவர்களுக்கு, கொன்றைப் பூவை அரைத்துக் குத்திய தங்க முத்திரை. முத்திரை இருந்தால் மேல்குட்டையில் தெளிந்த தண்ணீர், சித்திரை முடிவில் ராஜ விருந்து. இல்லாதவர்களுக்குக் கீழ்க்குட்டைச் சேறு. மகாராஜாவின் தசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோடைக்காலம், எல்லோருக்கும் தண்ணீர்க் கவலை.

காட்டெருமை வடிவாம்பாளும் கன்றைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் மடி வற்றும், மடி வற்றினால் கன்று என்ன ஆகும்? காலையில் நின்றவளுக்குச் சாயங்காலம்தான் முறை வந்தது.

"புரதம் எதுலேர்ந்து கிடைக்குது?" என்றார் பிரகதீசன்.

"புல்லுங்க."

அவர் படத்தை மேலும் கீழும் பார்த்தார். "புல்லு படத்துல இல்லையே."

"இந்த உடம்பு அறுநூறு கிலோ இருக்குங்க. இது எதுல வந்துச்சு?"

"அது உன் சொந்த விஷயம். படிவத்துல அதுக்குக் கட்டம் கிடையாது."

வடிவாம்பாள் விடவில்லை. "எங்க வயித்துல நாலு அறை இருக்குங்க. மொத அறையில கோடிக்கணக்குல நுண்ணுயிருங்க குடியிருக்கு. நான் தின்ற புல்லை அதுங்கதான் தின்னும். தின்னு தின்னு பெருகினதும், ஒவ்வொண்ணா உள்ளறைக்குத் தள்ளி, அதுங்களையே நான் செரிச்சுக்குவேன். அதுதான் என் புரதம்."

பிரகதீசன் முகம் சுளித்தார். "குடியிருக்க இடம் குடுத்து, சாப்பாடும் போட்டு, கொழுத்ததும் உள்ள தள்ளிச் செரிக்கறியா? கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா உனக்கு?"

அவள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கடைசியாக ஒன்று கேட்டாள்.

"பால் படத்துல இருக்குல்லங்க? அது என் மடியிலேர்ந்துதானே வருது?"

"குடிக்கிறது யாரு?"

"கன்னுங்க."

"அப்ப புரதம் கன்னோடது. அதை உன் படிவத்துல எப்படி எழுத முடியும்?"

கன்றின் தாளில் தங்க முத்திரை விழுந்தது. அம்மாவின் தாளில் 'புரதம்: இல்லை' என்று விழுந்தது. நான்காவது கட்டத்தில் நியூக்ளிக் அமிலம் என்றிருந்தது. அது எந்தச் சாப்பாட்டில் கிடைக்கும் என்று கேட்டாள். "எல்லாத்துலயும் இருக்கு" என்றார் அதிகாரி. "அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?" என்றதற்கு, "கட்டம் இருக்கே" என்றார்.

பின்னால் நின்ற காட்டுப்பன்றி வீரமுத்து, தோட்டத்து நிலக்கடலையைப் பறித்துத் தின்றே வளர்ந்தவன். ஒரே நிமிஷத்தில் முத்திரை வாங்கிவிட்டான். "நீயும் ஏதாவது பருப்பு கிருப்புன்னு எழுதியிருக்கலாம்ல அக்கா? பொழைக்கத் தெரியலையே உனக்கு" என்று வருத்தப்பட்டான். பிரகதீசன் மட்டும் எப்படி? பிறந்ததிலிருந்து இலை தின்கிறவர், தன் படிவத்தில் 'முட்டை, தினமும் இரண்டு' என்று எழுதி, தானே முத்திரை குத்தி, கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து மேல்குட்டையில் கன்று குடிக்கும், அம்மா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சேறுதான். பதினைந்து நாளில் பால் பாதியாகக் குறைந்தது. இருந்தாலும் பெருமைக்குக் குறைவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "எம்புள்ள தங்க முத்திரைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவளாயிற்றே.

விருந்து நாள் வந்தது. கன்றை நக்கிச் சுத்தம் செய்து, அதன் சான்றிதழை வாயில் கவ்விக்கொண்டு, புலியாரின் குகைக்குக் கூட்டிப் போனாள். வெளிக்குகையில் தங்க முத்திரைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மூன்று நாளாகத் தங்கி, கடலையும் கிழங்கும் தின்று மினுமினுவென்று இருந்தார்கள். பிரகதீசன் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். கூப்பிட்டவர் உள்குகைக்குப் போக வேண்டும்.

"வீரமுத்து!"

"வர்றேன் அக்கா, நல்ல எடமா புடிச்சு வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வீரமுத்து உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து நீளமாக ஒரு ஏப்பம் வந்தது. அது வீரமுத்துவின் ஏப்பம் இல்லை.

வடிவாம்பாள் வெளிக்குகையைப் பார்த்தாள். இடம், சாப்பாடு, கொழுப்பு. உள்குகையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளல். புல் தின்ன ஆரம்பித்த நாள் முதல் தன் வயிற்றுக்குள் நடப்பது அவளுக்குத் தெரியாதா? கன்று அதற்குள் கடலைக் குவியலில் மூக்கை நுழைத்திருந்தது.

"அடுத்து, வடிவாம்பாள் மகன்! சான்றிதழ் அசலைக் காட்டு!"

ஓடலாம். மடியும் ஒடுங்கி, சேறு குடித்த உடம்போடு எவ்வளவு தூரம் ஓடுவது? முட்டலாம். முட்டினால் உள்ளே இருப்பவர் வெளியே வருவார். வாயில் காகிதம் நமநமத்தது. காகிதமும் ஒரு வகைப் புல்தானே. வடிவாம்பாள் மெதுவாக அசைபோட ஆரம்பித்தாள். முத்திரை கொஞ்சம் கசந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"அசல் எங்கம்மா?"

"தொலைஞ்சு போச்சுங்க."

"என்ன வெளையாடறியா? அசல் இல்லாம விருந்துக்கு விட முடியாது. சட்டம்னா சட்டம்தான். மொதல்ல புள்ளையக் கூட்டிக்கிட்டு வெளிய நட!"

"ஐயா, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க" என்று அவள் ஒப்புக்கு ஒரு தரம் கெஞ்சினாள்.

"நட!"

நடந்தாள். கன்று கடலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதது. அதைத் தலையால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் உள்ளேயிருந்து புலியாரின் குரல் வந்தது.

"அவ்வளவுதானா? இன்னும் ஒரு தங்க முத்திரை இருக்கணுமே!"

"இல்லையே மகாராஜா, பட்டியல் முடிஞ்..." என்று சொல்லிக்கொண்டே பிரகதீசன் குனிந்து பட்டியலைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய தாள் அதன்மேல் வந்து உரசியது.

"மகாராஜா, நான் வெறும் இலை தின்னிங்க!"

புலியார் வெளியே வந்து அவர் கழுத்துத் தாளைப் படித்தார். "தினமும் ரெண்டு முட்டைன்னு போட்டிருக்கே? உன் கையெழுத்துதானே?"

வடிவாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மேல்குட்டையில் காவல் இல்லை. கன்றோடு இறங்கி வயிறு முட்டக் குடித்தாள். இரண்டு நாளில் பால் மறுபடி சுரந்தது. தின்ற சான்றிதழை அவள் வயிற்றுக் குடியிருப்புக்காரர்கள் வழக்கம்போலத் தின்று பெருகி, வழக்கம்போல உள்ளறைக்குப் போனார்கள். அவர்களிடம் யாரும் படிவம் கேட்கவில்லை.

நீதி: சரிவிகித உணவு என்பது மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, தக்க சமயத்தில் ஓர் அசல் சான்றிதழ்.