மேலே ஆள் இருக்கான்

கரண்ட் போனால் ஊரெல்லாம் மின்சார இலாகாவைத் திட்டும். போர்ட் பிளேரில், மின்னி பே மேட்டுத் தெருவில் மட்டும் எங்கள் வீட்டைத் திட்டினார்கள். காரணம் என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர். அவர் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'பிஜ்லி தாத்தா' என்றால் வடக்கே தூரத்து மாயாபந்தர் வரைக்கும் தெரியும். பிஜ்லி என்றால் இந்தியில் மின்சாரம். அந்தமானில் அவர் ஏறாத கம்பமும் இல்லை, வாங்காத ஷாக்கும் இல்லை என்பார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து லைன்மேனாகச் சேர்ந்து, லைன்மேனாகவே ஓய்வு பெற்றவர். வயதான பிறகு மறதி வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடத்தை மறந்தார். பிறகு இட்லி சாப்பிட்டதை மறந்து இன்னொரு முறை சாப்பிட்டார். மாமனாருக்கு நல்ல பசி என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அதற்கப்புறம், தான் ஓய்வு பெற்றதையே மறந்துவிட்டார். தெருவுக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் காக்கிச் சட்டை, பையில் கட்டிங் பிளையர். எங்கள் பக்கத்து வீடுகளில் மெயின் ஸ்விட்ச் வாசல் வராந்தாவில்தான் இருக்கும். நேரே போவார், அணைப்பார், அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காவல் நிற்பார். கேட்டால், "காம் சல் ரஹா ஹை. மேல ஆளு இருக்கான்" என்பார். வேலை நடக்கிறதாம், கம்பத்தின் மேல் ஆள் இருக்கிறானாம். மேலே ஒருவன் இருக்கும்போது கீழே இருப்பவன் ஸ்விட்சை விட்டு நகரக் கூடாது. பெற்ற பிள்ளையின் பெயர் மறந்த பிறகும் இந்தப் பாடம் அவருக்கு மறக்கவில்லை.

ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணத்தில் வாழ்த்துரை முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோது மைக் செத்தது. பந்திக்குக் காத்திருந்தவர்கள் தாத்தாவைக் கும்பிடாத குறை. எதிர்வீட்டு பெங்காலி மாசிக்குத்தான் பொறுக்கவில்லை. மாசி என்றால் சித்தி; தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவள் பார்க்கும் சீரியலில் மருமகள் விஷக் கிண்ணத்தைக் கையில் எடுத்த நேரத்தில் கரண்ட் போனது.

"பஹூ குடிச்சாளா, இல்லையா? நீயே சொல்லு!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் அம்மாவிடம் சண்டைக்கு வந்தாள்.

அம்மா தாத்தாவிடம் போனாள். "மாமா, நல்லா பாருங்க. மேல யாருமே இல்ல."

"நீ ஏறிப் பாத்தியாம்மா?"

அம்மா கம்பத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

டாக்டரிடம் கூட்டிப் போனோம். "டிமென்ஷியா. போகப் போகக் கூடத்தான் செய்யும். அவரோட வாதாடாதீங்க" என்றார். அவர் பேசப் பேச, தாத்தாவின் பார்வை சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டுக்குப் போயிற்று. அவசரமாக விடைபெற்றோம்.

ஒரு மத்தியானம் தாத்தாவைக் காணவில்லை. நான் ஹேடோவில் கப்பல் சரக்கு இறக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். போன் வந்ததும் தலையிலிருந்த ஹெல்மெட்டோடு ஓடி வந்தேன். மேட்டு உச்சியில், டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிய கம்பி வேலியின் மேல் தாத்தா உட்கார்ந்திருந்தார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

"அப்பா, இறங்குங்கப்பா!" அப்பா கீழேயிருந்து கத்தினார்.

"தள்ளிப் போல! மேல ஆளு இருக்கான். லைன ஆஃப் பண்ணணும்!"

கிட்டே போனால் உள்ளே குதித்துவிடுவார். எல்லோரும் அப்படியே நின்றோம். மாசி மூச்சு வாங்க மேடேறி வந்தாள். என்னையும் ஹெல்மெட்டையும் ஒரு பார்வை பார்த்தாள். சட்டைக் காலரைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"தாதாஜி! ஆத்மி உத்தர் கயா! யே தேக்கோ!"

ஆள் இறங்கிவிட்டானாம். அந்த ஆள் நான்.

தாத்தா என்னை உற்றுப் பார்த்தார். உள்ளே போன கால் மெதுவாக வெளியே வந்தது. அப்பா பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்து இறக்கினார். இறங்கியவர் நேரே என்னிடம் வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"பெல்ட்டு எங்கல? பெல்ட்டு போடாம ஏறுவியா? உங்க அம்மைக்கு யாருல பதில் சொல்லுறது?"

என் அம்மை பக்கத்தில்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தாத்தா என் இரண்டு கையையும் விரித்து, தீக்காயம் இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. போய் டீ குடி."

அதன் பிறகு தெருவே கம்பத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. எந்த வீட்டில் கரண்ட் போகிறதோ, அந்த வீட்டுக்காரர் வந்து "இறங்கிட்டேன் தாத்தா" என்று கையை நீட்ட வேண்டும். பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுவார். மாசி சப்பாத்தி மாவுக் கையோடு இறங்குவாள். அப்பாவும் ஒரு நாள் இறங்கினார். "எந்த செக்‌ஷன்யா நீ? புதுசா?" என்று தாத்தா விசாரித்தார். அப்பா ஏதோ ஒரு செக்‌ஷனைச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே கொல்லைப்புறம் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

இப்போது தாத்தா படுக்கையில். ஸ்விட்ச் மறந்துவிட்டது, பிளையர் மறந்துவிட்டது, இந்தி சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் கஞ்சி ஊட்டப் போனால் உடனே வாயைத் திறக்க மாட்டார். ஊட்ட வந்த கையைப் பிடித்து, திருப்பி, விரல் விரலாகப் பார்ப்பார். கஞ்சி ஆறிப் போகுது என்று அம்மா முணுமுணுப்பாள். ஆறட்டும் என்று நான் கையை அப்படியே விட்டுவைப்பேன்.