விழுங்கப்பட்ட குட்டித் தெய்வம்

நைல் கரையில் முதலையைவிட அதிகமாகத் தென்படும் உயிரினம் ஒன்று உண்டு: தாயத்து ஆலோசகர். கூப்பிடாமலே வருவார். பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டார், கழுத்தைப் பார்ப்பார். கழுத்து வெறுமையாக இருந்தால் உச்சுக்கொட்டுவார். ஒன்று தொங்கினால் தெய்வம் சரியில்லை என்பார். தெய்வம் சரியாக இருந்தால் முடிச்சு தப்பு. பிள்ளை தேறினால் தாயத்தின் மகிமை. தேறாவிட்டால்? தாயின் அஜாக்கிரதை. தோற்கவே முடியாத இப்படியொரு தத்துவத்தை எந்தக் கோயில் அறிஞரும் உண்டாக்கியதில்லை.

பழைய எகிப்தின் மெம்பிஸ் நகரத்து நெஸ்மின் இந்த இனத்தில் ஒருவர். பக்கத்து வீட்டு தாபெஸின் மகனுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல் வந்ததும், ஹோரஸ் தெய்வத்தின் குழந்தை உருவத்தைத் தாயத்தாகக் கொண்டுவந்து கழுத்தில் கட்டினார். அவரைக்கொட்டை அளவு, அம்மணம், ஒற்றைக் குடுமி, வாயில் விரல். புராணத்தில் தேள் கொட்டியதும் அம்மாவைத் தேடி அழுத தெய்வம் அடுத்தவள் பிள்ளையை எப்படிக் காக்கும்? தாபெஸ் அதைக் கேட்கவில்லை.

"ரொம்பச் சின்னதா இருக்கே அண்ணா, வாயில போட்டுக்குவான்."

"நூல் கெட்டிம்மா."

நூல் கெட்டிதான். தெய்வத்தின் முதுகிலிருந்த வளையம்தான் உடைந்தது. மறுநாள் அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது பையன் ஒருமுறை செருமினான். கழுத்தில் வெறும் நூல். தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். ஒன்றும் வரவில்லை.

"அண்ணா, முழுங்கிட்டான்!"

நெஸ்மின் ஒரு கணம் வெளுத்தார். ஒரு கணம்தான்.

"கோயில்ல சாமிமேல தண்ணி ஊத்தி அதைக் குடிக்கிறோமே, எதுக்கு? சாமி உள்ள போகத்தானே? உம்பையன் சாமியையே நேரா உள்ள அனுப்பிட்டான். குடுத்துவெச்சவன்!"

"குடலைக் கிழிச்சிட்டா?"

"நம்பிக்கையில்லாம பேசாத. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

பார்த்தீர்களா? பழி அதற்குள் வீடு மாறிவிட்டது.

தாபெஸ் சாப்பிடாமல், தூங்காமல், பிள்ளையின் துணிகளையே கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் தெய்வம் வெளியே எழுந்தருளியது. விரல் அப்போதும் வாயில்தான், மூக்கில் வைத்திருக்கலாம். அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தெருவே கேட்க அழுதாள்.

நெஸ்மின் ஓடிவந்தார். "எறிஞ்சிடாதம்மா! ஒரு உடம்புக்குள்ள பூந்து வந்த சாமி, இனி அதோட சக்தியே வேற. எனக்குக் குடு, வயித்துவலி தாங்கல."

"கழுவித் தரேன் அண்ணா."

"ஐயோ, கழுவினா சக்தி போயிடும்!"

தாபெஸ் மறுக்கவில்லை. துணியோடு நீட்டினாள். அவர் கண்ணில் ஒற்றி இடுப்பில் முடிந்துகொண்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் இருமிய ஒருவருக்கு நீங்களாகப் போய்க் கஷாயம் சொன்னீர்களே, மறுபடி பார்த்தபோது "இருமல் நின்றதா" என்று கேட்டீர்களா, இல்லை "நான் சொன்னதைக் குடித்தீர்களா" என்று கேட்டீர்களா?