ஜல்திக்குக் கேட்காத முதல் வார்த்தை

ஆரணியில் ஜல்தியிடம் ஊசி போட்டுக்கொள்ளாத இடுப்பே கிடையாது. தறிக்காரர், ரைஸ் மில் முதலாளி, பஸ் கண்டக்டர் என்று சகல இடுப்புகளும் அவருக்கு அத்துப்படி. தனியார் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ். "ஜல்தி ஜல்தி, அவ்ளோதாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷரை ஆங்கிலத்தின் நாலைந்து பொடி வார்த்தைகள் குப்புறத் தள்ளிவிட்டன.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் அவருக்குப் பெண் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தால்தான் கல்யாணம் என்றார் பெண்ணின் அப்பா. அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுதவேண்டும். டேப்பில் ஓடும் பேச்சைக் கேட்டுப் பதில் எழுதுவதும் அதில் ஒரு பகுதி. வெளிநாட்டில் படிக்கும் ஆசையில் நானும் அதே பயிற்சி வகுப்பில் இருந்தேன். பட்டு நூல் கடைக்கு மேல்மாடி, பக்கத்தில் பவர்லூம். டேப்பில் வெள்ளைக்காரி ஒன்று சொன்னால் தறி இரண்டு சொல்லும்.

"வென் டஸ் த நர்ஸ் கம்?" என்றது டேப். ஜல்தி எழுதினார்: "பஸ்ஸில்."

"எப்பன்னு கேட்டா பஸ்ஸுன்னு எழுதறீங்களே!" என்றார் பாடம் நடத்திய மேடம்.

"நம்மாளுங்க விஷயத்த சொல்லிட்டு அப்பாலதான் கேள்விக்கு வருவாங்க மேடம். 'சேத்துப்பட்டு பஸ்ஸு எத்தினி மணிக்கு?'ன்னு. வெள்ளக்காரன் வாயத் தொறந்ததுமே கேட்டுட்றான். நான் காதத் தீட்டிகினு உக்கார்றதுக்குள்ள அது போய்டுது!"

மேடம் டேப்பை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

முதல் தடவை தோற்ற பிறகு ஜல்தி ஒரு வழி கண்டுபிடித்தார். 'வென்' என்றால் மணிக்கட்டைத் தொடுவது. 'வேர்' என்றால் தரையைக் காட்டுவது. 'ஹூ' என்றால் நெஞ்சில் விரல். 'வொய்' என்றால் தலையைச் சொறிவது. இதை ராப்பகலாகப் பழகியதில், "இன்னாத்துக்குங்க இந்த ஊசி?" என்று நோயாளி கேட்டாலே கை தலைக்குப் போய்விடும்.

இரண்டாம் தடவை சென்னையில் இருவரும் சேர்ந்தே எழுதினோம். நான் அவருக்குப் பின் பெஞ்சில். டேப் ஓட ஓட, முன்னால் ஜல்தி மணிக்கட்டைத் தொட்டார், தரையைக் காட்டினார், தலையைச் சொறிந்தார். கண்காணிப்பாளர் பாய்ந்து வந்து, யாருக்குச் சைகை காட்டுகிறாய் என்று ஆங்கிலத்தில் கத்தினார்: "ஹூ ஆர் யூ சிக்னலிங்?"

ஜல்தியின் விரல் தானாக நெஞ்சுக்குப் போனது. முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, 'ஹூ'ப்பா! கரெக்டா புட்சிட்டேன்!"

வேறு சாட்சி வேண்டுமா? இருவரையும் வெளியே தள்ளினார்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் சந்தோஷமெல்லாம் வடிந்திருந்தது. "உன்னியும் கெடுத்துட்டேன்ல?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். "வுடுங்கண்ணா" என்றேன்.

சேத்துப்பட்டுக்காரர் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். சேதி வந்த வாரம் ஆரணியில் ஊசி போட்டுக்கொண்ட அத்தனை பேருக்கும் வலித்தது. தேய்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஜல்தி அதன்பிறகு தேர்வே எழுதவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

சேதி வந்த கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "நீ மறுபடி எழுதுப்பா. நானும் வரேன். உள்ள வரமாட்டேன், பயப்படாத."

சொன்னபடியே வந்தார். நான் எழுதி முடிக்கும்வரை சித்திரை வெயிலில், என் புளிசாதப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். எதிரே டீக்கடை நிழல் இருந்தது. அங்கே போய் உட்காரவில்லை. நான் வெளியே வந்தால் முதலில் அவர் முகம்தான் தெரியவேண்டுமாம்.