பாலக்கரை வீடும் பருப்பு வெந்த தண்ணியும்

துறையூரை விட்டுத் திருச்சிக்குக் குடிபோவது என்று ஆனதும் நான் ஒரு சபதம் எடுத்தேன். எந்தப் பேட்டையில் வீடு என்பதை இந்தத் தடவை நான்தான் முடிவு பண்ணுவேன். என் சம்சாரம் மயிலம்மாள் இல்லை. நான்.

சபதத்தை மனசுக்குள்ளேதான் எடுத்தேன். வாய்விட்டு எடுத்தால் அவள் காதில் விழுந்துவிடும்.

என் பேர் வீரமலை. என்ன செய்வது, கல்யாணத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டார்கள். துறையூர் நெல் மண்டியில் எடை போடுகிற வேலை எனக்கு. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மண்டி முதலாளி திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே புதுக்கடை போட்டார். "ஆவணி பொறந்ததும் குடும்பத்தோட வந்து சேரு"ன்னு சொல்லிவிட்டார்.

கடைப்பக்கத்திலேயே வீடு கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். அங்கே கேட்கிற வாடகைக்கு உச்சிப்பிள்ளையாரே மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஆகவே சுத்துப்பட்டில் எங்கேயாவது தோதாகப் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கமா, உறையூரா, பாலக்கரையா?

என் மனசு பாலக்கரையில் இருந்தது. காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

பாலக்கரையில் ஒரு நாடகக் கொட்டகை. அங்கே ஆர்மோனியம் வாசிக்கிற இருதயநாதன் என் சிநேகிதன். துறையூர்த் திருவிழாவுக்கு அவன் கோஷ்டி வந்தபோது ஜால்ராக்காரனுக்குக் காய்ச்சல். ஆபத்துக்கு நான் எடுத்துப் போட்டேன். இருதயநாதன் அசந்துபோனான். "அண்ணே! தாளம் சும்மா ஆணி அடிச்ச மாதிரி நிக்குது! பாலக்கரைக்கு வந்துடுங்க. தினம் சாயங்காலம் ஒத்திகை, விளக்கு வெச்சா நாடகம். ஜால்ரா உங்களுக்குத்தான்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் எத்தனை வருஷமாக ஜால்ரா போடுகிறேன், ஒருத்தராவது பாராட்டியிருக்கிறார்களா?

நாடகம், கூத்து என்றாலே மயிலம்மாளுக்கு ஆகாது என்பது என் எண்ணம். அதனால் மூச்சு விடவில்லை.

அவளுக்கோ வீட்டைப் பற்றி ஒரே ஒரு கவலை. "தண்ணி நல்லா இருக்கணும்ங்க. எந்த ஊருத் தண்ணியில பருப்பு நல்லா வேகுதோ, அந்த ஊருதான் நமக்கு" என்றாள். சொன்னதோடு விட்டாளா? முந்தானையில் துவரம்பருப்பை முடிந்துகொண்டு, கையில் ஒரு சின்னச் சட்டியோடு கிளம்பிவிட்டாள். எல்லாரும் வீடு பார்க்கப் போனால் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், ஓட்டை அண்ணாந்து பார்ப்பார்கள். இவள் போன இடத்திலெல்லாம் மூணு கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள்.

முதலில் ஸ்ரீரங்கம். பெரிய நாமம் போட்ட ஒருத்தர் தம் தோட்டத்துப் பின்கட்டை வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கிணத்துத் தண்ணி கல்கண்டு. அடுப்பில் வைத்துத் திரும்புவதற்குள் பருப்பு குழைந்துவிட்டது.

"வெந்துடுத்தோல்லியோ? இந்தத் தீர்த்தத்தோட மகிமை அப்படி. எல்லாம் பெருமாள் அனுக்ரஹம்" என்றார் அவர். "ஒரே ஒரு நிபந்தனை. வெங்காயம், பூண்டு உள்ளே வரப்படாது."

"சரிங்க சாமி" என்றாள் மயிலம்மாள் பவ்யமாக. "கருவாடு வரலாங்களா?"

அவர் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ரங்கா! ரங்கா!" என்று உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

"ஏங்க, இப்ப அவரு வரலாங்கிறாரா, வேணாங்கிறாரா?"

"ரங்கனைக் கேட்டுட்டு வரப் போயிருக்காரு. வா, போயிடலாம்."

அடுத்தது உறையூர். இங்கேதான் என் பாலக்கரைக்கு ஆபத்து வந்தது. பருப்பும் வெந்தது. வாடகையும் கட்டுப்படியாகிறது. கருவாட்டைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. மயிலம்மாள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. சட்டியை இறக்கும்போதே எந்த மூலையில் உரலைப் போடலாம் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

"இங்கேயே பேசி முடிச்சிடலாங்க."

"அவசரப்படாதே மயிலு. தறிச் சத்தம் கேக்குது பாரு. ராத்திரி எப்படித் தூங்கறது?"

"நீங்க விடற குறட்டைக்கு அவங்கதான் தறியைத் தூக்கிக்கிட்டு ஓடணும்."

"அதில்லை... இந்தப் பாலக்கரையையும் ஒரு எட்டு பார்த்துடுவோமே. பாக்காம விட்டோமேன்னு நாளைக்கு உனக்குத்தான் மனசு அடிச்சுக்கும்."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்காக இவ்வளவு யோசிக்கிறீங்க. பார்த்துடுவோம்" என்றாள்.

பாலக்கரை வீட்டை நான் முன்னாலேயே தனியாகப் போய்ப் பார்த்து வைத்திருந்தேன். அற்புதம்மாள் என்று ஒரு அக்கா, அவங்க வீட்டை ஒட்டினாற்போல இன்னொரு வீடு. அடிமாட்டு வாடகை. அதற்கும் காரணம் இருந்தது. முனிசிபல் குழாய் அந்தச் சந்துக்கு இன்னும் வரவில்லை. இருக்கிறது ஒரு கிணறு. அதிலே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். குழம்புக்குத் தனியாக உப்பு வாங்கவேண்டாம். அந்தத் தண்ணியில் பருப்பைப் போட்டால் பொங்கலுக்குப் போட்டது தீபாவளிக்கும் வேகாது.

இருதயநாதன்தான் யோசனை சொன்னான். "கவலைப்படாதீங்கண்ணே. நீங்க வர்ற அன்னிக்கு ஆத்துத் தண்ணி ரெண்டு குடம் கொண்டாந்து கிணத்தடியில வெச்சுடறேன். கிணத்துல எறைச்சதுன்னு நெனச்சுக்கிடுவாங்க."

"ஆடி வெள்ளம்டா இது! காவேரி செம்மண்ணைக் கரைச்ச மாதிரி வருது."

"தேத்தாங்கொட்டை எதுக்கு இருக்கு? குடத்துக்குள்ள நல்லா இழைச்சு விட்டா, விடியறதுக்குள்ள தெளிஞ்சு கண்ணாடியாயிடும்."

அற்புதம்மாள் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "தம்பி, நான் பொய் சொல்லமாட்டேன். உங்க சம்சாரம் கேட்டா உள்ளதைச் சொல்லிப்புடுவேன்."

"அவ கேக்கவே மாட்டாக்கா."

"கேக்காட்டி நான் ஏன் வாயைத் தொறக்கறேன்" என்றார் அக்கா. அவருக்கும் வீடு ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது.

உறையூர் பார்த்த மறுநாள் மயிலம்மாளைக் கூட்டிப் போனேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கொல்லை விசாலம், முருங்கை மரம் ஒண்ணு, துவைக்கிற கல் ஒண்ணு. கடைத்தெருவும் பக்கம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம். வாடகையைக் கேட்டதும் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டாள். பிறகு நேரே கிணத்தடிக்கு நடந்தாள்.

"கயிறு அறுந்துபோச்சு மயிலு!" என்று குறுக்கே பாய்ந்தேன். "அதான் காலையிலேயே எறைச்சு வெச்சாச்சு. இந்தா, இந்தக் குடத்துல எடுத்துக்க."

அற்புதம்மாள் அக்கா வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பருப்பு வெண்ணெயாக வெந்தது. மயிலம்மாள் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினாள். அதை வாயில் போட்டுக்கொண்டாள். மிச்சத் தண்ணியைக் கொல்லையில் சாய்த்தாள். குடத்துக்குள் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை நன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாலக்கரையே இருக்கட்டும்ங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த இருதயநாதனுக்குக் கண்ணடித்தேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் மயிலம்மாளை நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கிணறு உப்பு என்பது குடிவந்த பிறகு தெரியுமே என்கிறீர்களா? தெரியட்டும். மாசத்துக்கு மாசம் தண்ணி கொஞ்சம் மாறும்னு சொல்லிக்கொள்ளலாம். குடிவந்தபின் யார் வீட்டை மாற்றுவார்கள்?

துறையூருக்குத் திரும்பும் வழியில், "சமயபுரத்துல எறங்கி ஆத்தாளைக் கும்பிட்டுட்டுப் போவோம். ஒரு வேண்டுதல் இருக்கு" என்றாள்.

"தாராளமா!" ஜெயித்தவனுக்கு இருக்கிற தாராளம் இருக்கிறதே, அதைப்போல ஆபத்து வேறே கிடையாது.

"நல்ல வீடு அமைஞ்சா செய்யறதா வேண்டிக்கிட்டேங்க. ஆனா அதை நீங்கதான் செய்யணும்."

"மொட்டைதானே? அடிச்சுடுவோம்."

"மொட்டை இல்லை."

"உருளணுமா? உருண்டுட்டாப் போச்சு."

"என்னன்னு ஆத்தா முன்னால சொல்றேன். நீங்க மொதல்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

கூட்டம் நெரிகிறது. பூசாரி தட்டோடு நிற்கிறார். சிங்கக்குட்டி மாதிரி முன்னால் போய், "ஆத்தா, என் சம்சாரம் என்ன வேண்டிக்கிட்டிருந்தாலும் செய்யறேன்" என்று ஓங்கிச் சொல்லிச் சூடத்தை அணைத்தேன். பக்கத்திலிருந்த பொம்பளைகள் மயிலம்மாளைப் பொறாமையோடு பார்த்தார்கள். "இப்படி ஒரு புருசன் அமையணுமே!" என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

"ஒண்ணும் பெருசா இல்லீங்க" என்றாள் மயிலம்மாள். "பாலக்கரை வீட்டுல நாம உலை வெக்கிற தண்ணி என்னிக்கும் காவேரித் தண்ணியா இருக்கணும். எங்க வீட்டுக்காரரு தன் கையால கொண்டாந்து ஊத்துவாருன்னு வேண்டிக்கிட்டேன்."

"அந்தக் கிணத்துத் தண்ணிதான் பாலு மாதிரி இருக்கே மயிலு!"

"இருக்கட்டுமே. அது குளிக்க, துவைக்க. ஆத்தாளுக்குச் சொன்னதைச் செய்யணுமில்ல?"

"அதுக்காக... தினமுமா?"

"நாம தினமும்தானே சாப்பிடறோம். காலையில உங்களுக்கு மண்டி இருக்கு, பாவம். சாயங்காலம் போனாப் போதும். சாயங்காலத்துல உங்களுக்கு வேற ஜோலி ஏதாச்சும் இருக்கா?"

கேட்டுவிட்டு என் கண்ணையே பார்த்தாள். பூசாரி பார்த்தார். ஆத்தாளும் பார்த்தாள்.

"இல்லை" என்றேன்.

ஆவணியில் குடிவந்தோம். சாயங்காலமானால் தோளில் காவடி, ரெண்டு பக்கமும் குடம். பாலக்கரையிலிருந்து காவேரிக்குப் போகிற வழியில்தான் நாடகக் கொட்டகை. உள்ளே ஆர்மோனியம் ஆரம்பிக்கும். வெளியே நான் அதே தாளத்துக்குக் கால் போட்டுக்கொண்டு போவேன். வரும்போது குடம் தளும்பும், தாளமும் தளும்பும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "நெசத்தைச் சொல்லு மயிலு. அந்த வேண்டுதலை எப்ப வேண்டிக்கிட்டே?"

"குடத்தைக் கழுவினப்ப."

"என்னது?"

"அடியில செவப்பா வண்டல் படிஞ்சு கெடந்துச்சே. ஆடி வெள்ளம் எந்தக் காலத்துலங்க கிணத்துக்குள்ள வந்துச்சு? நீங்க வேலிப்பக்கம் பார்த்துக்கிட்டிருந்தப்ப வீட்டுக்காரக்காவைக் கேட்டேன். அவங்க ஒண்ணும் மறைக்கலை."

"தெரிஞ்சுக்கிட்டேயா இந்த வீட்டுக்குச் சம்மதிச்சே?"

"வாடகை இப்படி எங்க கிடைக்கும்? கொல்லை இருக்கு, கடை கிட்டக்க இருக்கு, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. தண்ணி ஒண்ணுதான் குறை. யாரு போயிக் கொண்டாருவாங்கன்னு யோசிச்சேன். நீங்கதான் இந்த வீடுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே, பாவம்."

நான் குடத்தை இறக்கினேன்.

அதோடு விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மறுநாள் காவடியோடு வாசலில் நுழைகிறேன். மயிலம்மாள் சுங்கடிப் புடவை கட்டி, தலைநிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, அற்புதம்மாள் அக்காவோடு கிளம்பி நிற்கிறாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"நாடகத்துக்குங்க. நாலஞ்சு நாளா, நீங்க தண்ணியை எறக்கிட்டு அசந்து தூங்கினதும் போயிட்டுத்தானே இருக்கேன், நல்லா இருக்கு. உங்களுக்குன்னு வெச்சிருந்த இலவச பாஸை இருதயநாதன் அண்ணன் என்கிட்ட குடுத்துட்டாரு. நீங்கதான் சாயங்காலத்துல வரமுடியறதில்லையே." முற்றத்தைத் தாண்டிப் போனவள் திரும்பினாள். "நாளையிலேர்ந்து கொஞ்சம் வெரசா நடங்க. உங்க தண்ணிக்குக் காத்துக்கிட்டு உக்காந்து, எனக்கு மொதப் பாட்டு தெனமும் போயிடுது."